இருபத்தேழாம் மேசையின் தோலுறை

வாழ்க டெல்மர் ஸ்ட்ரூபிள்! முப்பத்தோர் ஆண்டு மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தைப் பனிப்புயலிலும் இளவேனிற் சேற்றிலும் பிறழாது செலுத்திய சாரதி வாழ்க! வலது முழங்காலில் வாதமும், இடது காதில் இரைச்சலும், நெஞ்சில் அணையாத ஆசையும் தாங்கிய அண்ணல் வாழ்க! மொன்டானாப் பெருநிலத்து வில்லோ ஃபோர்க் என்னும் சிற்றூரில், “இன்னொரு தோலு வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்” என்று மனைவி ஆர்லிஸ் சூளுரைத்த பின்னும், அக்குளில் ஒளித்துத் தோலுறை கொணர்ந்த தீரன் வாழ்க! இவன் பொருத களத்தையும் பெற்ற விழுப்புண்ணையும் பாடப் புகுந்தேன். தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பாக முதலில் சந்தைக் கூடத்துக் காபிக் கொப்பரையை வணங்குகிறேன். வைகறையில் கொதித்து, நண்பகலில் கறுத்து, மாலையில் தாராக இறுகினும் கேட்டவர்க்கு இல்லையென்னாத வள்ளல் அது. அடுத்து, என்றோ எந்த மேய்ச்சலிலோ புல் மேய்ந்து, தன் தோலைத் தந்து, அதன்பொருட்டு இத்தனை வயதுவந்த ஆண்கள் இவ்வளவு கூச்சலிடுவார்கள் என்று கனவிலும் கருதாத அந்தப் பசுவை வணங்குகிறேன். மூன்றாவதாக வணங்க யாருமில்லை. கதைக்குப் போவோம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, வில்லோ ஃபோர்க் தோலுறைச் சேகரிப்போர் கழகத்தார் தத்தம் செல்வங்களைப் பெட்டிகளில் ஏற்றிச் சந்தைக் கூடத்தில் வந்து குழுமுவர். துப்பாக்கியைக் காட்டிலும் துப்பாக்கி செருகும் உறையே உயர்ந்தது என்று உறுதிபூண்ட உரவோர் இவர்கள். அங்கே மேசைகள் இருபத்தேழு. முதல் மேசை வாயிலுக்கு நேரே, சன்னல் ஒளி பொழிய, வெப்பக்காற்றுப் பெட்டியின் அருளெல்லைக்குள் வீற்றிருப்பது. அதற்குப் பச்சைக் கம்பளி விரிப்பு உண்டு. இருபத்தேழாம் மேசையோ கூடத்தின் கோடியில், ஆண்கள் கழிப்பறைக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவே கிடப்பது. விரிப்பு கிடையாது, கால் ஒன்று ஆடும்.

உறையைச் செய்தவன் தன் முத்திரையைத் தோலில் அடித்திருந்தால் அவ்வுறை முன்மேசைக்குத் தகும். முத்திரையில்லா உறை பின்மேசைக்கே உரியது. இது கழகத்தின் கல்வெட்டுக்கு நிகரான சட்டம். டெல்மரோ முத்திரையில்லா உறைகளையே வாங்கிக் குவித்தவன். பேரில்லாப் பொருள்மேல் அவனுக்கு ஒரு பரிவு. ஆகவே பதினோராண்டு, ஆடாது அசையாது, அந்த ஆடும் மேசையின் பின்னே வீற்றிருந்தான். பதினோராண்டும் அவனை நாடி வந்தோர் பலர். வந்த அனைவரும் கேட்ட வினா ஒன்றே.

“டாய்லெட் எதுங்க?”

“இடது பக்கம் ஆம்பளைங்க, வலது பக்கம் பொம்பளைங்க.”

இவ்விடையை அவன் ஆயிரம் முறை உரைத்திருப்பான். கைகளை உலர்த்தும் இயந்திரம் அவன் முதுகுக்குப் பின்னே ஓயாது ஊளையிட்டது. மனிதனாகப் பிறந்து, தோலில் இத்தனை அறிந்து, ஒருவனாவது உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்கமாட்டானா என்று ஏங்கி ஏங்கி அவன் நெஞ்சு நைந்துபோயிருந்தது. அவனுக்கு வேண்டியது அந்த முதல் மேசை, வேறொன்றுமில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், காலமான பண்ணையார் ஒருவரின் உடைமைகள் ஏலம் போனபோது, சிக்கலெடுக்கவொண்ணாக் கயிற்றுச் சுருள் நிறைந்த பெட்டியொன்றின் அடியில் டெல்மர் அதைக் கண்டான். அடடா, அந்த உறை! வயதான புகையிலையின் நிறம். விளிம்பெங்கும் சீரான கைத்தையல். வாய் அகன்று, இடை ஒடுங்கி, நுனியில் விரல்நுனி நுழையும் சிறு துளை. பக்கவாட்டில் நீளப் பிளந்த ஒரு சாளரம், அச்சாளரத்தின் ஓரத்தில் சம இடைவெளியில் பத்து வெட்டுகள். நடுவே எங்கோ பரவிய ஊதாக் கறை. உள்ளும் புறமும் புரட்டிப் புரட்டி, மூக்குக்கண்ணாடி மேல் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தும் முத்திரை மட்டும் இல்லை.

ஆயினும் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. முத்திரையில்லா உறையின் பிறப்பிடத்தைக் கழகத் தலைவர் ஆய்ந்து அறிந்து, அவையோர் முன்னிலையில் அறிவிப்பாராயின், அவ்வுறையும் உடையவனும் அக்கணமே முதல் மேசைக்கு உயர்வர். கழக வரலாற்றில் இது நடந்ததே இல்லை. டெல்மர் அவ்வாண்டுக் கூட்டத்தன்று காலை ஏழு மணிக்கே உறையை வெள்ளைத் துணியில் பொதிந்து ஏந்திப்போய்த் தலைவர் முன்னே வைத்தான்.

தலைவர் யாரென்று கேட்பீர்கள். லாயல் கெச்சம். ஓய்வுபெற்ற பல்மருத்துவர். ஊரார் வாய்களுள் நாற்பதாண்டு நோக்கிய கண்ணால் இப்போது தையல்களை நோக்குபவர். பல்லைக் குத்தும் வளைந்த கம்பியே அவர் வாள். நெற்றி விளக்கே அவர் முடி. ஒற்றைக்கட்டைவிரல் ஹாஸ்க்யூ என்னும் பண்டைச் சேணத் தொழிலாளியைப் பற்றிப் பத்தொன்பது ஆண்டாக ஒரு நூல் எழுதிவருபவர். முந்நூறு பக்கம் முடிந்திருந்தது. அந்த ஹாஸ்க்யூ செய்த பொருள் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

தொடங்கியது ஆய்வுப் பெரும்போர்! வெண்பருத்திக் கையுறைகள் அணியப்பட்டன. வெறுங்கையால் தொட்டால் தோல் தீட்டுப்படும் என்பது அவர்கள் கொள்கை. நெற்றி விளக்கு சுடர்விட, கம்பி நுனியால் தையலை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணிய கெச்சம், பழக்கதோஷத்தால் இடையில் ஒருமுறை “வலிச்சா கையத் தூக்குங்க” என்று உறையிடமே சொன்னார். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்று கணக்கு வந்தது. எட்டு என்றதும் சூழ நின்றவர்கள் மூச்சை உள்ளிழுத்தார்கள். எட்டுக்கு என்ன பொருள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்து அழைக்கப்பட்டான் மெர்ல் டாஃபல்மையர், முன்னாள் தபால்காரன், கழகத்தின் மூக்கு. எத்தோலையும் முகர்ந்தே ஊர், ஆண்டு, உடையவன் குணம் மூன்றையும் உரைப்பவன் என்று புகழ்பெற்றவன். இருகண் மூடி, உறையின் வாய்க்குள் மூக்கைப் புதைத்து, மார்பு புடைக்க முகர்ந்தான். நெடுநேரம் வெளியே வரவில்லை.

“என்னப்பா, உசுரோட இருக்கியா?” என்றார் கெச்சம்.

மெர்ல் தலைதூக்கினான். விழியோரம் நீர் கசிந்தது.

“வெடிமருந்து டாக்டர். அதுக்கடியில விஸ்கி. அதுக்கும் அடியில...” குரல் தழுதழுத்தது. “பயம்.”

கூட்டத்தில் ஒருவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அந்தப் பத்து வெட்டுகளும் பத்து உயிர்களின் கணக்கென்றும், ஊதாக் கறை நாள்பட்ட குருதியென்றும், சாளரம் சூடேறிய குழலுக்குக் காற்று புக வைத்த வழியென்றும் அடுத்த கால்மணி நேரத்துக்குள் முடிவாயிற்று.

பின்னர் படைக்கலங்கள் அணிவகுத்தன. உறைக்குரிய துப்பாக்கி எதுவென்று தெரிந்தால் உறையின் காலம் தெரியும் அல்லவா? வந்தன நெடுங்குழல் துப்பாக்கிகள். வந்தன குறுங்குழல் துப்பாக்கிகள். குதிரைப்படையினர் இடுப்பில் கனத்தவை வந்தன. சூதாடிகள் சட்டைக்கையில் பதுங்கியவை வந்தன. ஒவ்வொன்றாய் உறையில் இறக்கப்பட்டது. ஒவ்வொன்றாய்த் தோற்றுத் திரும்பியது. ஒன்று வாயிலேயே சிக்கிற்று. ஒன்று அடிவரை விழுந்து கடகடவென்று ஆடிற்று. ஒன்றின் பிடி உள்ளே போய்க் குழல் வெளியே நின்றது; அதைத் தலைகீழாய் வைத்திருந்தார்கள். நாற்பத்து மூன்று துப்பாக்கிகள் புறமுதுகிட்டபின், கெச்சம் கையுறை கழற்றினார்.

“சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்” என்றார்.

கூடமே எழுந்து மாட்டிறைச்சி ரொட்டியையும் ருபார்ப் என்னும் புளிப்புத்தண்டு இட்ட பணியாரத்தையும் நோக்கிப் படையெடுத்தது. டெல்மர் மட்டும் உறையை ஏந்தி இருபத்தேழாம் மேசைக்கு மீண்டு, பசியைத் துறந்து, கைகூப்பாத குறையாக அமர்ந்திருந்தான்.

அவ்வேளையில், முழங்கால் வரை சேறும் தலையில் வைக்கோலுமாய், கதவை முட்டித் திறந்து வந்தாள் ஒருத்தி. ரோவீனா ஹைஸ்டன்ட் அவள் பெயர். ஊருக்குக் கிழக்கே நாற்பது மைலில் மாட்டுப்பண்ணை நடத்துபவள். கால்நடை மருந்துக் கடைக்கு வந்தவள், திரும்பும் வழியில், மனிதர் எவர்க்கும் நேரும் அவசரம் நேர்ந்து உள்ளே நுழைந்திருந்தாள்.

டெல்மர் தானாகவே, “வலது பக்கம்” என்றான்.

போனாள், வந்தாள். ஈரக்கை உதறியபடியே மேசையைப் பார்த்தாள். நின்றாள். அடுத்து அவள் செய்த காரியத்தைச் சொல்ல என் நா கூசுகிறது. வெறுங்கையால் உறையை எடுத்தாள்!

“அம்மணி! கையுறை!” என்று அலறினான் டெல்மர்.

“எதுக்குங்க? குளிரவே இல்லையே” என்ற ரோவீனா, சட்டைப்பையிலிருந்து எதையோ உருவினாள். கன்றுகளுக்குத் தடுப்பூசி போடும் கருவி அது. துப்பாக்கிபோலவே கைப்பிடி, துப்பாக்கிபோலவே விசை, குழலுக்குப் பதிலாக மருந்து நிரப்பும் கண்ணாடிக் குப்பி, நுனியில் ஊசி. அன்று காலை வாங்கிய புதுக் கருவி. அதை உறைக்குள் இறக்கினாள்.

சடக்.

நாற்பத்து மூன்று படைக்கலங்கள் தோற்ற அக்கோட்டைக்குள், அது தன் வீட்டுக்குப் போவதுபோல் போயிற்று. ஊசி, அடித்துளை வழியே எட்டிப் பார்த்தது. கண்ணாடிக் குப்பி சாளரத்தில் மின்னிற்று. குப்பியின் பத்து அளவுக்கோடுகளும் தோலின் பத்து வெட்டுகளோடு மயிரிழை பிசகாமல் ஒட்டி நின்றன.

“அட, எவனோ மூளைக்காரன் செஞ்சிருக்கான்” என்றாள் ரோவீனா. “வெளிய எடுக்காமலே எவ்ளோ மருந்து மிச்சம்னு தெரியுது பாருங்க. புண்ணுக்கு அடிக்கிற ஊதா மருந்துகூட ஒழுகியிருக்கு. இது விக்கிறதுக்கா? இன்னிக்கு மத்தியானம் கன்னுக்குட்டிகளுக்கு ஊசி போடணும். போன வருசம் பாக்கெட்ல வச்சிட்டுக் குனிஞ்சு, தொடையில எனக்கே போட்டுக்கிட்டேன்.”

டெல்மர் சுற்றுமுற்றும் பார்த்தான். “அம்மணி, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆடும் மேசையைப் பார்த்தாள். பின்னால் ஊளையிட்ட இயந்திரத்தைப் பார்த்தாள். என்ன விளங்கிற்றோ, “எனக்கென்னங்க வந்தது” என்று கருவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பணியாரம் விற்கும் பக்கம் நடந்தாள்.

அப்போது முழங்கிற்று ஒலிபெருக்கி! நாற்காலிமேல் நாற்காலி போட்டதுபோல் உயர்ந்த மேடையேறி நின்றார் கெச்சம். கண்கள் செந்தழலாய்ச் சிவந்திருந்தன. ருபார்ப் சாறு மீசையில் ஒளிர்ந்தது. அவர் பிரகடனம் செய்தார்:

“அவையோரே! ஒற்றைக்கட்டைவிரல் ஹாஸ்க்யூ தான் செய்த எப்பொருளிலும் தன் பெயரைப் பொறித்தானில்லை என்பது என் நூலின் நான்காம் இயல். இவ்வுறையில் எப்பெயரும் பொறிக்கப்படவில்லை என்பது நம் கண் கண்ட காட்சி. எனவே இது ஹாஸ்க்யூ செய்ததே! இதற்குரிய துப்பாக்கி எங்கும் கிடையாது. எனவே அதுவும் ஹாஸ்க்யூவின் காலத்தில் தொலைந்ததே! பத்தொன்பது ஆண்டு தேடினேன். கிடைத்தது!”

இந்த வாதத்தில் ஒரு யானை நுழையும் ஓட்டை இருந்தது. கூடத்தில் ஒருவருக்கும் அது தென்படவில்லை. தம் வீட்டுப் பேரில்லா உறைகளெல்லாம் ஹாஸ்க்யூ செய்தவையாக இருக்கலாமே என்று அவரவர் மனம் கணத்தில் பறந்துவிட்டிருந்தது. எழுந்தது ஆரவாரம்! மெர்ல் ஊளையிட்டே அழுதான். நால்வர் டெல்மரின் நாற்காலியை அவனோடு சேர்த்தே தூக்கினார்கள். முழங்கால் மேசையில் இடித்தது, அவன் பொருட்படுத்தவில்லை. இருபத்தாறு மேசைகளும் இருமருங்கும் எழுந்து நின்று வழிவிட, முதல் மேசையின் பச்சை விரிப்பின் பின்னே வைத்தார்கள்.

வெப்பக்காற்று அவன் நோயுற்ற முழங்காலைத் தழுவியது. சன்னல் வெயில் கன்னத்தில் விழுந்தது. அறிமுகமில்லாத மனிதர் ஒருவர் தொப்பியைத் தொட்டு, “ஐயா, தோலைப் பத்தி ஒண்ணு கேக்கலாமா?” என்றார். ஐயோ, அந்தச் சொல்! டெல்மருக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் கடைசிச் சடங்கொன்று மீதமிருந்தது. உடையவன் உறைமேல் கைவைத்து, “இங்கே சொல்லப்பட்டதற்கு மாறாக நான் ஒன்றும் அறியேன்” என்று அவையறிய உறுதிமொழி கூறவேண்டும். கூறினால்தான் அறிவிப்பு ஏட்டில் ஏறும். கெச்சம் ஒலிபெருக்கியை அவன் வாயருகே நீட்டினார்.

டெல்மர் உறைமேல் கைவைத்தான். அவன் நெஞ்சுக்குள் இரு சேனைகள் மோதின. ஒருபுறம் பதினோராண்டு ஊளை; மறுபுறம் ஒரே ஒரு சடக். ஒரு சேனை, சும்மா இரு, அந்த அம்மணி வாய் திறக்கமாட்டாள் என்றது. உண்மைதான். ரோவீனா தொலைவில் முதுகுகாட்டி நின்று பணியாரம் தின்றுகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்து முறைத்திருந்தாலாவது, கோபத்தில் அந்தப் பொய்யைச் சொல்லித் தொலைத்திருப்பான்.

கையுறையின் மெல்லிய துணிக்கூடே கட்டைவிரலில் அந்த வெட்டுகள் தட்டுப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று... யாரோ ஒருவர், பெயர் வேண்டாதவர், ஒவ்வொரு அளவுக்கோட்டையும் பார்த்துப் பார்த்துப் பொறுமையாக வெட்டியிருக்கிறார், கன்றுக்கு மருந்து கூடாமல் குறையாமல் போகவேண்டும் என்று. அந்த மனிதர் தலையில் இப்போது பத்துக் கொலை ஏறப்போகிறது. அவர் செய்த வேலைக்குக் கூலியாக இன்னொருவன் பெயர் ஒட்டப்போகிறது. பேரில்லாப் பொருளுக்காகப் பதினோராண்டு கழிப்பறை வாசலில் கிடந்தவன், இதற்கா ஒத்துக்கொள்வான்?

எழுந்தான் ஏந்தல்! ஒலிபெருக்கி கீச்சிட, மொழிந்தான்:

“இது மாட்டு ஊசி உறைங்க.”

காபிக் கொப்பரை மட்டும் கொதித்தது.

“என்னது?” என்றார் கெச்சம்.

“கன்னுக்குட்டிக்கு ஊசி போடுற துப்பாக்கி இருக்கில்ல, அத வைக்கிறது. அம்மணி, கொஞ்சம் இங்க வர்றீங்களா?”

ரோவீனா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் சடக். இம்முறை கூடம் முழுதும் கேட்டது. ஊசி எட்டிப் பார்க்க, குப்பி மின்ன, பத்துக் கோடும் பத்து வெட்டும் கைகோத்து நிற்க, முந்நூறு பக்கமும் நான்காம் இயலும் ஒரே கணத்தில் சரிந்தன.

மெர்ல் முனகினான். “பயம்னேனே, அது கன்னுக்குட்டியோட பயமா இருக்குமோ?”

“நீ பேசாம இரு” என்றார் கெச்சம். நெற்றி விளக்கை மெல்ல அணைத்தார். அப்போது பார்க்கவேண்டும் அவர் முகத்தை. நாற்பதாண்டு பிறர் பல்லைப் பிடுங்கியவருக்குத் தம் பல்லைப் பிடுங்கியதுபோல் இருந்தது. “ஹாஸ்க்யூ மாடு வளத்திருக்கலாமில்ல, டெல்மர்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இந்தக் கருவியெல்லாம் அந்தக் காலத்துல ஏதுங்க, டாக்டர்.”

“நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்யா.”

“இருந்திருக்கலாம்தான்” என்றான் டெல்மர். “முடியல.”

பிறகு பச்சை விரிப்பின் ஒரு முனையைக் கெச்சம் பிடித்தார், மறுமுனையை டெல்மர் பிடித்தான். இருவருமாக அதை ஒழுங்காக நான்காய் மடித்தார்கள். நாற்காலி தூக்கிய நால்வரும் திடீரென்று காபி நினைவு வந்தவர்களாய் நகர்ந்தார்கள். தோலைப் பற்றி வினவ வந்த மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

டெல்மர் உறையைக் கையுறையில்லாமல் எடுத்து ரோவீனாவிடம் நீட்டினான். “வச்சுக்குங்க. விலையெல்லாம் ஒண்ணும் வேணாம்.”

அவள் வாங்கி இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டாள். இருமுறை உருவிப் பார்த்தாள், இருமுறை செருகிப் பார்த்தாள். பிறகு அவனைத் தலைமுதல் கால்வரை அளந்தாள்.

“ஐயாவுக்கு மத்தியானம் ஏதாச்சும் வேலை இருக்கா?”

“எனக்கா? இல்லையே.”

“வேலையாள் மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு கை குறையுது. மாட்டுக்கிட்ட பயமா உங்களுக்கு?”

“முப்பத்தோரு வருசம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன் அம்மணி” என்றான் டெல்மர்.

அப்போது எழுந்தனன் வீரன்! தோற்ற களத்தைத் திரும்பி நோக்கானாய், தான் குவித்த நூற்று நாற்பது தோலுறைகளையும் இருந்த இடத்திலேயே துறந்தவனாய், கழக மாந்தர் விழி பிதுங்கி நோக்க, சன்னல் வெயில் வழுக்கையில் மகுடமெனத் தகதகக்க, வாயிற்கதவம் இருபுறமும் அதிர்ந்து விலக, சேறு பூத்து, கண்ணாடி விரிசலுற்று, பின்னிருக்கையில் நாயொன்று கொடியெனக் குரைத்து முழங்கும் ரோவீனாவின் பிக்கப் வண்டி என்னும் பெருந்தேரில், வலக்கால் முன்வைத்து, “ஆ, முட்டி” என்னும் போர்முழக்கம் எழுப்பி, ஏறி அமர்ந்து, கிழக்குத் திசையெல்லாம் புழுதி கிளம்பிக் கதிரவனை மறைக்க, நாற்பது மைல் நெடுவழியும் நெஞ்சு நிமிர்ந்து சென்றனன், சென்றனன், சென்றே விட்டனன்!

போனவர், சாயங்காலம் ஆறு மணி வரை கன்றுக்குட்டிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.